தகைமையின் மதிப்பு சலுகையன்று, உரிமை!

(யாழ்ப்பாணத்தில் தொழில்வல்லாரும் கமக்காரரும் ஒருங்கே கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை.)



இம்மண்டபத்தின் ஒரு புறத்திலே கணக்காளரும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் வீற்றிருக்கின்றனர். மறுபுறத்திலே வெங்காயத் தறைக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் தண்ணீர் இறைத்துவிட்டு வந்த கமக்காரப் பெருமக்கள் வீற்றிருக்கின்றனர். தொழில்வாண்மைக் கழகங்கள் வழங்கும் சான்றிதழ்களைத் தேசியத் தகைமைச் சட்டகத்தோடு இணைப்பது பற்றிய கூட்டத்துக்குக் கமக்காரரை ஏன் அழைத்தீர்கள் என்று நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். அச்சான்றிதழ்களுக்குப் பணம் கட்டியவர்கள் அவர்களே. அதனாலேதான் அழைத்தோம் என்று விடை கூறினோம்.

சில காலத்துக்கு முன்பு ஒரு கமக்காரர் தம் மகளுடன் நம் அலுவலகத்துக்கு வந்தார். உயர்தரப் பரீட்சையில் அப்பெண் சித்தியடைந்திருந்தார். ஆனால் பல்கலைக்கழக இடம் ஒரு சிறு புள்ளி வித்தியாசத்திலே தவறிவிட்டது. ஆண்டுதோறும் இந்நாட்டிலே பல்கலைக்கழகம் செல்லத் தகுதி பெறுவோரிற் பெரும்பாலோருக்கு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடமில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். மனந்தளராத அப்பெண் கணக்கியற் கழகமொன்றின் பரீட்சைகளுக்குத் தோற்றினார். பகலிலே பயிலுநராக வேலை, இரவிலே படிப்பு. தந்தை இரண்டு போகத்து வெங்காயத்தை விற்றுக் கட்டணம் கட்டினார். போதாததற்குத் தாயின் தாலிக்கொடி அடகுக்குப் போயிற்று. ஆறு ஆண்டுகளின் பின்னர் அப்பெண் இறுதித் தேர்விலே தேறினார்.

அதன் பின்னர் அரசாங்கம் சார்ந்த நிறுவனமொன்றின் பதவிக்கு விண்ணப்பித்தார். பட்டம் இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. நேரிற் சென்று கேட்டபோது, 'உமது சான்றிதழ் எந்தப் படிநிலைக்கு உரியது என்று எழுதிக் கொண்டு வாரும்' என்றார்கள். எங்கே எழுதி வாங்குவது? கழகம் தன் சான்றிதழின் பெருமையை உலகமே அறியும் என்றது. கல்வி அதிகாரிகள் பல்கலைக்கழகம் வழங்காத ஒன்றைப் பற்றித் தாங்கள் எதுவும் எழுத முடியாது என்றார்கள். பட்டதாரிகள் எழுதிய கணக்கைப் பரிசோதித்துக் கையொப்பமிடத் தகுதியுள்ள ஒருவர், பட்டதாரியின் நாற்காலியிலே அமரத் தகுதியற்றவரானார்! அவர் தகுதி குறைந்தவர் என்று எவரும் அளந்து கூறவில்லை. அளக்கும் கடமை எவருக்கும் விதிக்கப்படவில்லை. நோய் இதுதான், அன்பர்களே!

ஏணியும் அதன் படிகளும்

தகைமைச் சட்டகம் என்ற சொல்லைக் கேட்டு எவரும் மிரள வேண்டியதில்லை. அஃது ஓர் ஏணி. எந்தப் படிப்பு எந்தப் படியிலே நிற்கின்றது, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறுவது எவ்வாறு என்பதை நாடறிய எழுதி வைப்பதே அதன் வேலை.

இந்நாட்டிலே இன்று அவ்வாறான ஏணிகள் இரண்டு உள்ளன. ஒன்று, தொழிற்பயிற்சிக்குரிய தேசிய தொழிற்றகைமை முறை. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பொறுப்பில் உள்ள இம்முறைக்கு ஏழு படிகள். மற்றையது இலங்கைத் தகைமைச் சட்டகம். 2012ஆம் ஆண்டிலே பத்துப் படிகளோடு வெளியான இது, 2015ஆம் ஆண்டிலே திருத்தப்பெற்றுப் பன்னிரண்டு படிகளாயிற்று. சாதாரண தரம் முதலாம் படி. உயர்தரம் இரண்டாம் படி. டிப்ளோமா மூன்றாம் படி. உயர் டிப்ளோமா நான்காம் படி. பொதுப் பட்டம் ஐந்தாம் படி. சிறப்புப் பட்டம் ஆறாம் படி. கலாநிதிப் பட்டம் பன்னிரண்டாம் படி.

படிப்பின் அளவைக் குறிக்கவும் ஒரு முறையுண்டு. மாணவர் ஒருவர் வகுப்பிலும் வீட்டிலும் பயிற்சியிலும் செலவிடும் 50 மணி நேர உழைப்பு ஒரு கற்றல் அலகு எனக் கொள்ளப்படும். டிப்ளோமாவுக்கு 30 அலகுகள். பொதுப் பட்டத்துக்கு 90. சிறப்புப் பட்டத்துக்கு 120. ஆகவே பொதுப் பட்டம் என்பது 4,500 மணி நேர உழைப்பு. அளவு மட்டும் போதாது. கற்றவர் எதை அறிந்தார், எதைச் செய்ய வல்லவர், எத்துணைப் பொறுப்பைத் தாமே தாங்க வல்லவர் என்பனவும் ஒவ்வொரு படிக்கும் வரையறுக்கப்பட்டுள்ளன.

இவ்விரண்டு ஏணிகளுக்கும் இடையே பாலமும் இடப்பட்டுள்ளது. தொழிற்றகைமை ஐந்தாம் படி சட்டகத்தின் மூன்றாம் படிக்கும், ஆறாம் படி நான்காம் படிக்கும், ஏழாம் படி ஐந்தாம் படிக்கும் நேராக வைக்கப்பட்டுள்ளன. ஒரு மேசனின் மகன் தொழிற்பயிற்சியிலே தொடங்கிப் பட்டம் வரை ஏறலாம் என்பது இதன் பொருள். இது நல்ல ஏற்பாடு. நாம் இதனை மனமார வரவேற்கின்றோம்.

ஆனால் அந்தப் பன்னிரண்டு படிகளின் பெயர்களையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பாடசாலைச் சான்றிதழ் உண்டு, டிப்ளோமா உண்டு, பட்டங்கள் உண்டு. கணக்காளர் கழகத்தின் இறுதித் தேர்வு, பொறியியலாளர் கழகத்தின் தகைமை, சட்டக் கல்லூரியின் இறுதித் தேர்வு என்ற பெயர்கள் எந்தப் படியிலும் இல்லை. ஏணி இருக்கின்றது, ஏறியவரும் இருக்கின்றார், அவர் நிற்கும் படிக்குத்தான் பெயர் இல்லை.

அரசே பெற்ற பிள்ளையை அரசே அறியாதோ?

சட்டம் பயின்றவர் என்ற முறையில் இங்கே ஒரு வினாவை எழுப்புகின்றோம். இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தாலே பிறந்தது. 1906ஆம் ஆண்டிலே சங்கமாகத் தொடங்கிய பொறியியலாளர் நிறுவனம் 1968ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தாலே கூட்டிணைக்கப்பட்டது. சட்டக் கல்லூரி 1874ஆம் ஆண்டிலிருந்து சட்டம் பயிற்றி வருகின்றது. பரீட்சை நடத்தவும் தகுதியாளரை உலகுக்கு அறிவிக்கவும் இக்கழகங்களுக்கு அதிகாரம் அளித்தது அரசு. அவ்வதிகாரத்தின்படி வழங்கிய சான்றிதழை அரசு சார்ந்த அலுவலகமே 'யாம் அறியோம்' என்று கூறுமாயின், அது நீதியாகுமா?

நம் தொழிலிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. ஒரு காலத்தில் இந்நாட்டில் அப்புக்காத்துமார் என்றும் பிரக்கிராசிமார் என்றும் இரு வகுப்பினர் இருந்தனர். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் 1974 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததோடு, இரு வகுப்பினரும் சட்டத்தரணிகள் என்ற ஒரே பெயருக்கு உரியவராயினர். அதற்காக வானம் இடிந்து வீழ்ந்துவிடவில்லை. நாடாளுமன்றம் மனம் வைத்தால் நூறாண்டு வேற்றுமையையும் ஒரு சட்டத்தாலே தீர்க்கலாம் என்பதற்கு இதுவே சான்று.

முத்திரை இல்லாத கல்வி

கல்வியிற் குறைவில்லாதவரும் முத்திரைக்காகக் கடல் கடக்க நேர்ந்த கதை யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1823ஆம் ஆண்டிலே தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி கல்லூரித் தரத்திலே கல்வி புகட்டியது. 1855ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு இருந்ததில்லை. 1857ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, அதன் முதற் பட்டதாரிகளாக வந்தவர்கள் யார்? அச்செமினரியிற் கற்ற கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையுமே! அவர்களுடைய அறிவு சென்னையிலே முளைத்ததன்று, வட்டுக்கோட்டையிலே விளைந்தது. சென்னை அதற்கு முத்திரை இட்டது. அந்த இருவரும் கடல் கடந்தனர், முத்திரை பெற்றனர். கடக்க வசதியில்லாதவரின் நிலை என்ன என்பதே அன்றும் இன்றும் உள்ள கேள்வி.

'தரம்' என்ற சொல்லின் வடு

'தரம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் இவ்வவையிலுள்ள மூத்தவர்கள் சிலர் முகஞ் சுளித்ததைக் கண்டோம். அதன் காரணத்தை அறிவோம். 1956ஆம் ஆண்டின் சிங்களம் மட்டும் சட்டத்தின் பின்னர், தொழிலிலே திறமை மிக்க தமிழ் அரசாங்க ஊழியர் பலர் மொழித் தேர்ச்சி என்னும் அளவுகோலாலே வேலையையும் உயர்வையும் இழந்தனர். 1970களின் தொடக்கத்திலே தரப்படுத்தல் என்ற பெயராலே, மருத்துவக் கல்விக்குத் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளிகள் பெறவேண்டும், சிங்களமொழி மாணவருக்கு 229 புள்ளிகள் போதும் என்று வகுத்தனர். ஆகவே கொழும்பிலிருந்து இன்னோர் அளவுகோல் வருகின்றதென்றால் நம் மக்கள் ஐயுறுவது இயல்பே.

ஆனால் சிந்தித்துப் பாருங்கள். கள்ளப்படியால் ஏமாந்தவன் படியே வேண்டாமென்று கூறினால், அடுத்த முறை வியாபாரி கையாலே அள்ளித் தருவான். அதனை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அளவுகோல் இல்லாத இடத்திலே நீதி ஆட்சி செய்வதில்லை. அதிகாரியின் மனப்போக்கே ஆட்சி செய்கின்றது. அந்த மனப்போக்கினால் மிகுதியும் நசுக்கப்படுவோர் கொழும்பிலே சொல்லிக்கொள்ள ஆளில்லாதவர். அவர்கள் நம் பிள்ளைகள். எனவே நமக்கு வேண்டியது எழுதிய அளவு. எல்லாருக்கும் ஒரே அளவு. வழக்காடி நிலைநாட்டத்தக்க அளவு.

பிற நாடுகள் செய்தது என்ன?

தென்னாபிரிக்கா 2008ஆம் ஆண்டின் 67ஆம் இலக்கச் சட்டத்தாலே, தொழில்வாண்மைக் கழகங்களை அங்கீகரிக்கவும் அவை வழங்கும் பதவிப் பெயர்களைத் தேசியச் சட்டகத்திலே பதிவு செய்யவும் வழி வகுத்தது. அயர்லாந்து 2003ஆம் ஆண்டிலே பத்துப் படிகள் கொண்ட ஏணியை அமைத்தது. 2019ஆம் ஆண்டிலே சட்டத்தைத் திருத்தி, அரசு சாராத கழகங்களும் தரப் பரிசோதனைக்கு உட்பட்டு அதிலே இடம்பெற வாசலைத் திறந்தது. அயலிலுள்ள இந்தியாவிலே பல்கலைக்கழக மானியக் குழு, பட்டயக் கணக்காளர், நிறுவனச் செயலாளர், செலவுக் கணக்காளர் ஆகியோரின் தகைமைகளை முதுநிலைப் பட்டத்துக்கு நிகராகக் கொள்ள 2021ஆம் ஆண்டிலே இசைந்தது.

நம் நாட்டிலேயே நடந்ததைக் கேளுங்கள். 2014ஆம் ஆண்டிலே இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் வாஷிங்டன் உடன்படிக்கையிலே முழு உறுப்புரிமை பெற்றது. பிறநாட்டார் வந்து தன் முறைகளைத் துருவி ஆராய அந்நிறுவனம் இடங்கொடுத்தது. அதன் பயனாக, அது அங்கீகரிக்கும் பொறியியற் பட்டங்கள் உடன்படிக்கையிலுள்ள ஏனைய நாடுகளிலும் மதிக்கப்படுகின்றன. வெளியார் பரிசோதனைக்குக் கதவைத் திறந்ததனாலே கழகத்தின் மானம் குறையவில்லை, வளர்ந்தது. 'எங்கள் சுதந்திரம் போய்விடும்' என்று அஞ்சும் கழகங்களுக்கு இதுவே நம் விடை.

'பின்வாசலாலே பட்டம் வழங்கப் பார்க்கிறீர்கள்' என்று பல்கலைக்கழகத்தார் சிலர் கூறுவர். அன்று! படி வேறு, பெயர் வேறு. ஐந்தாம் படியிலே நிற்கும் கழகத் தகைமை பட்டமென்று பெயர் பெறாது; அந்தப் படிக்குரிய மதிப்பை மட்டுமே பெறும். அவ்வாறே ஒரு படியிலே நிற்பது தொழில் செய்யும் அனுமதியும் ஆகாது. சட்டமாணிப் பட்டம் பெற்றவர் அதனாலேயே நீதிமன்றத்திலே வழக்குப் பேச முடியாதல்லவா? அனுமதி கொடுக்கும் அதிகாரம் கழகங்களிடமே இருக்கட்டும். பட்டம் கொடுக்கும் அதிகாரம் பல்கலைக்கழகங்களிடமே இருக்கட்டும். இரண்டையும் பக்கத்திலே வைத்து அளக்கும் கோல் நாட்டு மக்களிடம் இருக்கட்டும்.

படியை இரந்து பெறவேண்டுமென்றும் நாம் கூறவில்லை. ஒவ்வொரு கழகமும் தன் பாடத்திட்டத்தையும், மாணவர் செலவிடும் மணிக் கணக்கையும், பரீட்சை முறையையும், பயிற்சிக் காலத்தையும் எழுத்திலே வைக்கட்டும். கழகத்தோடு தொடர்பில்லாத அறிஞர் அவற்றைச் சட்டகத்தின் வரையறைகளோடு ஒப்பிடட்டும். தேறியதைத் தேறிய படியிலே பதிவு செய்யட்டும். தேறாததைத் திருப்பி அனுப்பட்டும். இதனாலே இன்னொரு நன்மையும் உண்டு. அழகிய பெயர்ப் பலகையைத் தொங்கவிட்டுப் பயனற்ற சான்றிதழை விற்போர் நம் ஊர்களிலும் வலை விரிக்கின்றனர். பகிரங்கப் பதிவேடு ஒன்று இருக்குமாயின், பணங்கட்டுமுன் கமக்காரர் அதைப் பார்த்துத் தெளிவார்; நகை அடகுக்குப் போகுமுன் உண்மை வெளிப்படும்.

நம் கோரிக்கைகள் மூன்று

முதலாவது: இவ்விணைப்பு சுற்றுநிருபத்தால் வேண்டாம், சட்டத்தால் வேண்டும். ஒரு சுற்றுநிருபம் தந்ததை இன்னொன்று பறித்துவிடும். உயர் தேசியக் கணக்கியல் டிப்ளோமாவைப் பட்டத்துக்கு நிகராக ஏற்குமாறு கேட்டு 2015 அக்டோபர் 29ஆம் நாள் கொழும்பிலே திரண்ட மாணவர்மீது பொலிசார் தடியடியும் கண்ணீர்ப்புகையும் பிரயோகித்தனர். ஒரு சான்றிதழ் எந்தப் படிக்கு உரியது என்ற கேள்விக்கு விடை தேடி இளைஞர் தெருவிலே அடிவாங்க நேர்ந்தது இந்நாட்டின் வெட்கக்கேடு. அவ்விடை சட்டப் புத்தகத்திலே இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது: ஏணி தமிழிலும் ஏறத்தக்கதாக இருத்தல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தாலே தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த விதி வகுத்தனர். 2023 மார்ச் மாதத்திலே நாடாளுமன்றம் அவ்விதியை நிராகரித்தது. அன்று நிராகரிக்காதிருந்தால், தமிழிலே கற்ற நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அவ்வாசல் அடைபட்டிருக்கும். ஆங்கிலம் வேண்டாமென்று நாம் கூறவில்லை, நன்றாகக் கற்கட்டும். ஆனால் அறிவை அளக்கும்போது அறிவையே அளக்க வேண்டும். தமிழிலே உயர்ந்த தொழிற்கல்வி இயலுமோ என்று ஐயுறுவோர் மானிப்பாயை நினைக்கட்டும். 1847ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். அந்நியர் ஒருவர் அக்காலத்திலே செய்ததை நாம் இக்காலத்திலே செய்ய இயலாதா?

மூன்றாவது: கைத்திறனுக்கும் அனுபவத்துக்கும் ஏணியிலே இடம் வேண்டும். முன்னரே கற்றுக்கொண்ட திறமையைச் சோதித்துத் தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு தேசிய பயிலுநர் பயிற்சி அதிகாரசபை முதலியவற்றிலே ஏலவே உண்டு. முப்பது ஆண்டுகளாக மோட்டார் இறைப்பு இயந்திரங்களைத் திருத்தியவர், வீடு கட்டியவர், நாற்றுமேடையும் தெளிப்பு நீர்ப்பாசனமும் நடத்தியவர், மீண்டும் பாடசாலை வாங்கிலே அமராமல் தம் திறமைக்குச் சான்று பெறலாம். நம்மவரிற் பலருக்கு இது தெரியாது. தொழில்வாண்மைக் கழகங்களும் இவ்வழியைத் திறக்க வேண்டும். அலுவலகத்திலே இருபது ஆண்டு கணக்கெழுதியவரின் அனுபவத்தை ஒரு வெறுந்தாளாகக் கருதுவது அறமாகாது.

நம் கடமை

பிறரிடம் கேட்பதோடு நம் வேலை முடியாது. இங்கே கூடியுள்ள கணக்காளரே, பொறியியலாளரே, சட்டத்தரணிகளே! உங்கள் கழகங்களின் ஆண்டுக் கூட்டங்களிலே எழுந்து இவ்வினாவை எழுப்புங்கள். பாடத்திட்டங்களைத் தமிழாக்குவதற்கு உங்கள் ஓய்வுநேரத்திலே ஒரு பகுதியைத் தாருங்கள். நீங்கள் ஏறிவந்த ஏணியை உதைத்துத் தள்ளாதீர்கள்; அடுத்தவர் ஏறப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கமக்காரப் பெரியோர்களே! பிள்ளையைச் சேர்க்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இச்சான்றிதழை வழங்குவது எந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த நிறுவனம்? இது தேசிய ஏணியில் எந்தப் படி? இதிலிருந்து அடுத்த படிக்கு வழியுண்டா? விடை எழுத்திலே வராவிட்டால் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

இளைஞர்களே! தகைமை போதாதென்று வரும் மறுப்புக் கடிதத்தைக் கோபத்திலே கிழித்தெறியாதீர்கள். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தை உங்களுக்கு உறுதியளிக்கின்றது. அவ்வுரிமையை அரசின் நிருவாகச் செயல் மீறுமாயின் உயர் நீதிமன்றம் செல்லலாம். ஆனால் ஒரு மாதத்துள் செல்லவேண்டும். அந்த ஒரு மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் அக்கணக்கிலே சேராது. காலம் கடந்தபின் கண்ணீரோடு வருவோருக்கு எம்மாற் கூறக்கூடியது ஆறுதல் ஒன்றுதான்.

அந்தக் கமக்காரரின் மகள் வந்தபோது அந்த ஒரு மாதம் கடந்து பல மாதங்களாகியிருந்தன. அவருடைய வழக்கை நாம் நடத்த இயலவில்லை. வாசற்படியிலே இறங்கும்போது அத்தந்தை கேட்டார்: 'அப்ப, பிள்ளை படிச்சது படிப்பில்லையோ, ஐயா?' அக்கேள்விக்கு அன்று எம்மிடம் விடையில்லை. அதற்கு இந்நாட்டின் சட்டம் விடை கூறவேண்டும் என்பதற்காகவே இக்கூட்டத்தைக் கூட்டினோம்.

இன்றிரவு வீடு சென்றதும் பெட்டியைத் திறவுங்கள். சான்றிதழ்களையும் மறுப்புக் கடிதங்களையும் எடுத்துப் பிரதி செய்து எம்மிடம் சேர்ப்பியுங்கள். ஊர் ஊராகத் திரட்டி, நாடாளுமன்றத்தின் முன் ஒரே மனுவாக வைப்போம். ஒருவர் கேட்டால் அது முறைப்பாடு. ஊர் திரண்டு கேட்டால் அது கோரிக்கை. தகைமைக்குரிய மதிப்பு எவரும் இடும் பிச்சையன்று, உழைத்தவனின் கூலி. அக்கூலியைப் பெறும்வரை ஓயோம் என்று உறுதி பூணுவோமாக!